தெற்கிலிருந்து வீசும் காற்று (4)

தமிழில் குறுக்கெழுத்துப் புதிர் அமைக்கும் அனைவருக்கும்,



வார இதழ், மாத இதழ், நாளிதழ் இணைப்பு, தீபாவளி மலர் என்று பல இடங்களில் கட்டம் போடுகிறவர்கள் நீங்கள். உங்களில் ஒருவர் பேருக்கு எழுதினால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்வீர்கள். அதனால் எல்லாருக்குமாகச் சேர்த்தே எழுதுகிறேன். எனக்கு ஊர் கொடைக்கானல். சின்னதாக ஒரு கடை இருக்கிறது. மேகம் இறங்கி எதிர்ச்சாரி தெரியாமல் போகிற நாளில் வியாபாரம் நடக்காது. அன்றைக்கு நீங்கள்தான் துணை. அந்த உரிமையில் ஒரு குறையைச் சொல்கிறேன்.

உங்கள் கட்டங்களுக்குள் காற்றே அடிப்பதில்லை.

"தெற்கிலிருந்து வீசும் காற்று (4)." பேனா மூடியைக் கழற்றுவதற்குள் விடை வந்து நிற்கிறது. அடுத்த வாரம், "வடக்கிலிருந்து வீசும் குளிர்காற்று (2)." அதற்கும் அடுத்து, "இது வந்தால் குடை வேண்டும் (2)." பிறகு மறுபடியும் தென்றல்தான், இந்த முறை "கவிஞர்களுக்குப் பிடித்த காற்று" என்று கொஞ்சம் பவுடர் பூசிக்கொண்டு வருகிறது. வருடம் முழுக்கக் காற்றும் மழையும் பனியுமாக இருக்கிற மலையில் உட்கார்ந்துகொண்டு இதை நிரப்புகிறவனுக்கு எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

எதிர்க்கடைக்காரர் ஆங்கிலப் பேப்பர் புதிர் போடுகிறவர். அவர் கட்டத்தில் உலகமே வீசுகிறது. பிரான்ஸில் ரோன் பள்ளத்தாக்கு வழியாகக் கடலுக்கு இறங்கும் மிஸ்ட்ரல், சகாராவில் கிளம்பி இத்தாலியில் செம்மண் தூசியைக் கொட்டிவிட்டுப் போகும் சிராக்கோ, மேற்கு ஆப்பிரிக்காவின் ஹர்மட்டான், எகிப்தின் கம்சின், ஏட்ரியாடிக் கரையின் போரா, ஆல்ப்ஸ் மலையின் ஃபான், ராக்கி மலையின் சினூக். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்கு மத்தியான வெயிலில் கடலிலிருந்து வரும் காற்றுக்கு ஃப்ரீமான்டில் டாக்டர் என்று பெயர். அந்த ஊர் மைதானத்தில் டெஸ்ட் போட்டி நடந்தால் நேர்முக வர்ணனையில் இந்த டாக்டர் வராமல் இருக்கமாட்டார். கார் கம்பெனிகூட விடவில்லை. ஃபோக்ஸ்வேகன் தன் வண்டிகளுக்கு பஸாத், சிராக்கோ, போரா என்று காற்றுப் பெயர்களாகவே வைத்தது. நம் ஊர்த் தெருவில் ஓடிய வென்டோ என்பதற்கும் இத்தாலிய மொழியில் காற்று என்றுதான் அர்த்தம்.

இதில் அவர்களுடைய ஞானம் பாதி, தேவை பாதி. 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் நாளிதழில் ஆர்தர் வின் முதல் கட்டம் போட்ட நாளிலிருந்து ஆங்கிலப் புதிர்க்காரர்களுக்கு உயிரெழுத்து நிறைந்த குட்டிச் சொற்கள் எப்போதும் தட்டுப்பாடு. மூலை முடுக்கில் இருக்கிற காற்றையெல்லாம் பிடித்து வந்து ஓட்டையை அடைத்தார்கள். வட இந்திய வெயில்காற்றான லூகூட அவர்களுக்கு மூன்று கட்டம். நமக்கு அது ஒரே எழுத்து; கட்டத்தில் வைக்கவே முடியாது. அடைப்பதற்குச் செய்த வேலைதான் என்றாலும் பலன் என்ன ஆயிற்று? லண்டனில் ரயிலில் உட்கார்ந்து கட்டம் நிரப்பியவருக்கு சகாராவில் எந்த மாதம் எந்தப் பக்கம் காற்றடிக்கும் என்பது தெரிந்துவிட்டது. பழனி மலையில் எந்த மாதம் எந்தப் பக்கம் காற்றடிக்கும் என்பது மதுரையில் உட்கார்ந்து உங்கள் கட்டத்தை நிரப்புகிறவருக்குத் தெரியுமா?

தெரியாது என்பதற்குச் சாட்சி இருக்கிறது. ஒரு புதிரில், "தென்மேற்குப் பருவமழையில் முழுதாய் நனையும் மலை நகரம் (6)" என்று கேட்டு, அடுத்த இதழில் கொடைக்கானல் என்று விடை போட்டிருந்தார்கள். எழுத்து எண்ணிக்கை சரி. மற்றதெல்லாம் தப்பு. எந்த இதழ் என்று சொல்லமாட்டேன்; அமைத்தவருக்குத் தெரியும்.

எங்கள் மலை எப்படி நிற்கிறது என்று பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை வடக்கு தெற்காக ஓடுகிறது. அதிலிருந்து கிழக்கே நீட்டிய கைதான் பழனி மலை. சுமார் 65 கிலோமீட்டர் நீளம். தென்மேற்குக் காற்று ஜூன் மாதம் அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வரும்போது முதலில் எதிர்ப்படுவது நாங்கள் இல்லை. மூணாறு, ஆனைமுடிப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, மிச்சம் மீதியோடுதான் இங்கே வருகிறது. மேற்குக் கோடியில் இருக்கும் கிளாவரை, மன்னவனூர்ப் பக்கம் அதில் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். கொடைக்கானலுக்கு வரும்போது அது பெரும்பாலும் சாரலும் மூட்டமும்தான். எங்களுக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். வங்காள விரிகுடாவிலிருந்து கீழ்க்காற்று வந்து கிழக்குச் சரிவில் மோதி ஏறுகிறபோதுதான் வத்தலக்குண்டு மலைப்பாதையில் பாறை உருளும், வெள்ளி அருவி சாலைவரை தெறிக்கும். ஆண்டுக்குச் சுமார் 1600 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊரில் அக்டோபரும் நவம்பரும்தான் முதல் வரிசை. வடக்கே இறங்கினால் பழனிச் சமவெளியில் இதில் பாதிகூடத் தேறாது. ஒரே மலையின் உச்சிக்கும் அடிவாரத்துக்கும் இந்த வித்தியாசம்.

ஆகவே அந்தக் குறிப்பை இப்படி எழுதியிருக்கலாம்: "ஊட்டிக்கு ஆடியில் என்றால் இவளுக்கு ஐப்பசியில் (6)." புதிர் போடுகிறவருக்கு ஒரு நிமிட யோசனை, சுற்றுலாவுக்குப் போகிறவருக்கு ஒரு பயனுள்ள தகவல்.

ஜூன், ஜூலையில் எங்களுக்கு மழைக்குப் பதில் என்னதான் வருகிறது? காற்று வருகிறது. மேல்காற்று என்பதை நீங்கள் அகராதியில் பார்த்து எழுதுவீர்கள். இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. மேகாத்து, கீகாத்து என்பார்கள். "மேகாத்து விழுந்துருச்சுண்ணே, பீன்ஸ் கொடி ஒண்ணும் நிக்கல" என்று ஆடி மாதத்தில் சந்தைக்கு வருகிற தோட்டக்காரர் சொன்னால், அந்த வாரம் பீன்ஸ் விலை ஏறும் என்று எனக்கு அர்த்தம். எங்கள் மலைக்கு வடக்கே பாலக்காட்டுக் கணவாய். அதில் நுழைந்து வருகிற காற்றில்தான் உடுமலை, தாராபுரம் பக்கத்துக் காற்றாலைகள் சுற்றுகின்றன. தெற்கே கம்பம் கணவாய். அந்தக் காற்றில் தேனி, ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகள். இரண்டு வாசலுக்கும் நடுவே நாங்கள் நிற்கிறோம். ஜூலையில் பேருந்தில் பெரியகுளம் வழியாகப் போகிறவர் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார். முகத்தில் அறைகிற அந்தக் காற்று அவர் கட்டத்துக்குள் மட்டும் வருவதில்லை.

அந்தக் காற்றுக்கு வெளியூரில் சொந்தக்காரர்கள் உண்டு. கேரளச் சரிவில் ஏறும்போது ஈரத்தை இறக்கிவிட்டு, கிழக்கே இறங்குகிற காற்று ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 10 டிகிரி வீதம் சூடேறி, காய்ந்த காற்றாகத் தரைக்கு வரும். ஆல்ப்ஸில் ஃபான் பிறப்பதும், ராக்கி மலையில் பனியைத் தின்கிறவன் என்று பெயர் வாங்கிய சினூக் பிறப்பதும் இதே கணக்கில்தான். 1943 ஜனவரி 22 அன்று அமெரிக்காவில் ஸ்பியர்ஃபிஷ் என்ற ஊரில் சினூக் இறங்கியபோது இரண்டே நிமிடத்தில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரியிலிருந்து 7 டிகிரிக்கு ஏறியது. சினூக்கைக் குறிப்பாகக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பக்கத்திலேயே இப்படி ஒன்றும் வரட்டும்: "தேனிக்காரருக்கு சினூக் எந்த வாசல் வழியே? (7)" கம்பம் கணவாய் என்று இரண்டு சொல்லாக வைத்தால் எட்டு, "ம்"மை விட்டுக் கம்பக்கணவாய் என்று சேர்த்து எழுதினாலும் எண்ணிக்கை குறையாது. எண்ணிப் பார்த்து அடைப்பில் எட்டு என்று திருத்திக்கொள்ளுங்கள். ஏழு என்று நான் போட்டது நீங்கள் தூங்காமல் படிக்கிறீர்களா என்று பார்க்கத்தான்.

கோடை என்ற சொல்லை மட்டும் நீங்கள் வீணடிப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. இரண்டே எழுத்து. எப்போதும் "வெயில் காலம்" என்று கேட்டு முடித்துவிடுகிறீர்கள். பழைய நூல்களில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கு அதுதான் பெயர். புறநானூற்றில் கடிய நெடுவேட்டுவன் என்ற தலைவனுக்கு உரிய மலையின் பெயரும் அதுதான். அந்த மலை எங்கள் மலைதான் என்று சொல்கிறவர்கள் பலர். அப்படியானால், "மலையும் இது, மலையில் மோதும் மேல்காற்றும் இது, மலைக்கு ஆள் ஏறும் பருவமும் இது (2)." மூன்று கதவு உள்ள குறிப்பு. எந்தக் கதவைத் தட்டினாலும் திறக்கும்.

பனி விஷயத்துக்கு வருகிறேன். மூடுபனிக்கு "சாத்து, பிறகு பனி, பாலு மகேந்திரா படம் (4)" என்று ஒருவர் எழுதலாம், 1980இல் வந்த படம், வயதானவர்கள் உடனே போட்டுவிடுவார்கள். உறைபனிக்குத்தான் கொஞ்சம் வேலை இருக்கிறது. ஒவ்வொரு டிசம்பரிலும் கொடைக்கானலில் மைனஸ் டிகிரி என்று செய்தி வரும், ஊர்க்காரர்கள் இல்லை என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் ஒரு வகையில் சரி. வெப்பமானி தரைக்கு மேலே ஆள் மார்பு உயரத்தில், பெட்டிக்குள் இருக்கிறது. மேகமில்லாத, காற்றே அசையாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். வெப்பமானி 4 அல்லது 5 டிகிரி காட்டும்போதே புல் நுனி பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். ஏரிக்கரைப் புல், கோல்ஃப் மைதானம், மன்னவனூர்ப் புல்வெளி எல்லாம் விடியற்காலையில் உப்புத் தூவியதைப்போல் வெள்ளையாகிக் கிடக்கும்; மேட்டில் இருக்கிற வீட்டு வாசலில் ஒன்றும் இருக்காது. ஏழரை மணிக்கு வெயில் பட்டதும் சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்து முடிப்பதற்குள் போய்விடும். பள்ளத்துத் தோட்டத்தில் உருளைக்கிழங்குச் செடி மட்டும் பத்து மணிக்குக் கறுக்க ஆரம்பிக்கும். இதில் புதிர்க்காரருக்கு வேண்டியது ஒன்று உண்டு: அன்றிரவு காற்று அடித்திருந்தால் இது நடந்திருக்காது. மேலே இருக்கிற சூடான காற்றை அது கலக்கி இறக்கிவிடும். அதனால், "கடிதம் போகும் சட்டைக்குள் பனி, காற்றடித்தால் வராது (4)."

கோக்கர்ஸ் வாக்கில் நடந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். லெப்டினன்ட் கோக்கர் 1872இல் மலை விளிம்பில் வெட்டிய அந்தச் சின்னப் பாதையில், சாயங்கால வெயில் முதுகில் படும்போது எதிரே பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்தால் உங்கள் நிழல் அதன்மேல் விழும். பூதம் மாதிரி நீண்டு, தலையைச் சுற்றி வானவில் வளையத்தோடு. பக்கத்தில் நிற்கிறவருக்கு அவர் தலையைச் சுற்றித்தான் வளையம் தெரியும், உங்கள் தலைக்கு ஒன்றும் இருக்காது. உலகம் இதற்கு ப்ரோக்கன் என்ற ஜெர்மன் மலையின் பெயரை வைத்திருக்கிறது. கோக்கர் நிழல் என்று நாம் வைத்தால் யார் வந்து கேட்கப் போகிறார்கள்? பெயர் ஊன்றுவதற்கு உங்கள் கட்டத்தைவிட நல்ல நிலம் ஏது?

இனி நான் இந்த மடலை எழுதவே காரணமான ஒன்றைச் சொல்கிறேன். உலகக் காற்றுகளின் பட்டியலில் கொடைக்கானலிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட ஒன்று இருக்கிறது. அது இந்தப் பூமியில் அடிக்கிற காற்றே இல்லை.

1876 முதல் 1878 வரை, தாது வருடப் பஞ்சம். மழை பொய்த்துச் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். மழை எப்போது பொய்க்கும் என்று முன்கூட்டியே சொல்ல வழியுண்டா என்று அரசாங்கம் தேட ஆரம்பித்தது. சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறையும். அதற்கும் தென்னிந்தியப் பஞ்சத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று ஹன்டர் என்ற அதிகாரி 1877இல் எழுதினார். அப்படியானால் சூரியனை நாள் தவறாமல் பார்க்க வேண்டும், அதற்குத் தூசியும் புழுக்கமும் இல்லாத உயரமான இடம் வேண்டும். சென்னை வானாய்வகத்தில் இருந்த சார்லஸ் மிச்சி ஸ்மித் மலை மலையாகப் பார்த்துவிட்டுக் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 1899இல் கடல் மட்டத்துக்கு மேல் 2343 மீட்டரில் சூரிய ஆய்வகம் வந்தது. ஆக, எங்கள் ஊரில் சூரியனைப் பார்க்கத் தொலைநோக்கி வந்ததே மழைக்காகத்தான்.

1907இல் ஜான் எவர்ஷெட் வந்து சேர்ந்தார். கூடவே வந்த மனைவி மேரியும் வானியல் தெரிந்தவர். தாந்தேயின் கவிதைகளில் வரும் வானத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் அவர்கள் இங்கே குடியிருந்த காலத்தில்தான் வெளிவந்தது. 1909 ஜனவரி தொடக்கத்தில் எவர்ஷெட் ஒரு கரும்புள்ளியின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் படம் எடுத்தார். நிறமாலையில் குறுக்கே ஓடும் கறுப்புக் கோடுகள் நேராக இருக்க வேண்டும். புள்ளியைத் தாண்டும் இடத்தில் மட்டும் அவை சாய்ந்திருந்தன. சூரியனின் விளிம்பை நோக்கிய பக்கத்தில் சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தன. நடுவை நோக்கிய பக்கத்தில் ஊதாப் பக்கம். விலகிப் போகிற பொருளின் ஒளி சிவப்புப் பக்கம் நகரும், நெருங்கி வருகிற பொருளின் ஒளி ஊதாப் பக்கம் நகரும். புள்ளி சுழல்கிறதோ என்று சந்தேகம் வந்தால், கருவியின் பிளவைத் திருப்பி வைத்துப் பார்க்கலாம். குறுக்கே வைத்தபோது சாய்வு மறைந்தது. அப்படியானால் சுழற்சி இல்லை. புள்ளியின் நடுவிலிருந்து எல்லாத் திசையிலும், சூரியனின் மேற்பரப்பை ஒட்டி, வாயு வெளியே பாய்கிறது. வேகம் நொடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர். மணிக்கு 7200. டொர்னேடோ சுழல்களைத் தவிர்த்துப் பூமியில் இதுவரை அளந்ததில் அதிவேகக் காற்று, 1996 ஏப்ரல் 10 அன்று ஆஸ்திரேலியாவின் பாரோ தீவில் ஒலிவியா புயலில் அடித்த 408 கிலோமீட்டர்தான். உலகத்துப் பாடப் புத்தகங்களில் எல்லாம் சூரியனின் இந்தப் பாய்ச்சல் இன்று எவர்ஷெட் விளைவு என்று அச்சாகிறது. ஆய்வகத்துக் காட்சிக்கூடத்தில் வெயில் அடிக்கிற நாளில் போனால் சூரியனின் பிம்பத்தைக் காட்டுவார்கள், நிறமாலையைக் காட்டுவார்கள். போகிற பேருந்துகள் பெரும்பாலும் தூண்பாறைக்குத்தான் போகின்றன.

மழைக்கணக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கரும்புள்ளியை வைத்துப் பஞ்சத்தைச் சொல்ல முடியவில்லை. 1904இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர் உலகெங்கும் இருந்து கணக்குகளைக் குவித்துப் பார்த்து, பசிபிக் பக்கம் காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிற ஊசலாட்டத்தைக் கண்டார். இன்று எல் நினோ என்று செய்தியில் வருவதன் மறுபாதி அது. மழைக்குப் போட்ட வலையில் எங்களுக்குச் சூரியனின் காற்று மாட்டியது. வாக்கருக்கு வேறு கடலில் மழையின் வால் மாட்டியது.

ஒரு எச்சரிக்கை. அவசரத்தில் இதைச் சூரியக் காற்று என்று எழுதிவிடாதீர்கள். அது வேறு; சூரியனை விட்டு விண்வெளிக்குக் கிளம்பிப் போகிற துகள் ஓட்டம், 1958இல் யூஜின் பார்க்கர் கணக்குப் போட்டுச் சொன்னது. எவர்ஷெட் பார்த்தது புள்ளியின் நடுவிலிருந்து வெளியே, மேற்பரப்பை ஒட்டி ஓடுவது. இனி குறிப்பு: "யார் அந்தக் கொட்டகையில்? வெயிலில் காற்றைப் பார்த்தவர் (5)." எவர், ஷெட். வெள்ளைக்காரர் ஒருவரின் பெயர் இத்தனை சுத்தமாகத் தமிழில் பிரிவது அபூர்வம். நூறு வருடத்துக்கு மேலாக உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. கிரந்த எழுத்து வேண்டாம் என்கிறவர்கள் ஷெவைப் பார்த்து முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

கீழ்ப்பழனி மலையை விட்டால் தாண்டிக்குடிக்காரர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். அங்கே காப்பிதான் வாழ்க்கை. காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் எட்டு, பத்து நாளில் தோட்டமெல்லாம் வெள்ளையாகப் பூத்து மல்லிகை வாசம் வீசும். இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு மழை பெய்தால்தான் பிஞ்சு நிற்கும். முதல் மழை வந்து இரண்டாவது வராத வருடத்தில் தோட்டக்காரர் முகத்தைப் பார்க்க முடியாது. பாடப் புத்தகத்தில் இந்தக் கோடை மழைக்கு மாஞ்சாரல் என்று பெயர் (5 எழுத்து). மாங்காய்க்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

கடல் தாண்டியும் கொஞ்சம் பாருங்கள். இலங்கைத் தமிழர்கள் காற்றுப் பெயர்களை இன்னும் வாயில் வைத்திருக்கிறார்கள். வாடைக்காற்று அங்கே ஒரு நாவலின் பெயர், 1978இல் வந்த படத்தின் பெயர். யாழ்ப்பாணத்தில் சோழகம், மட்டக்களப்பில் கச்சான். அங்கே நிலக்கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர் என்பதால், "மட்டக்களப்பில் கொறிக்கவும் செய்யலாம், வேர்க்கவும் செய்யும் (4)" என்றால் நம் பக்கத்து ஆள் தலையைச் சொறிவார், அங்கே இருக்கிறவர் சிரித்துக்கொண்டே போடுவார். அமெரிக்கத் தமிழர்கள் நடத்தும் மாத இதழுக்கே தென்றல் என்றுதான் பெயர். அதிலும் குறுக்கெழுத்துப் புதிர் வந்திருக்கிறது. ஊரை விட்டுப் போனவர்கள் காற்றை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

கஜா புயலை நான் விளையாட்டாகக் கேட்க விரும்பவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறி, டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்துவிட்டு, வலுக்குறைந்து எங்கள் மலையைத் தாண்டி அரபிக்கடலுக்குப் போனது. மலைப்பாதையில் மரங்கள் விழுந்து, மின்சாரம் இல்லாமல் இருந்தோம். எங்கள் சேதம் டெல்டாக்காரர்களுடையதற்கு முன்னால் ஒன்றுமில்லை. "இலங்கை பெயர் வைத்த யானை (2)" என்று போட்டால் போதும். அதற்குமேல் அதில் சாமர்த்தியம் வேண்டாம்.

தொழில்நுட்பமாக ஒன்று சொல்கிறேன், நீங்கள் ஏற்கெனவே கவனித்திருக்கலாம். நான்கு திசைக் காற்றில் வாடையும் கோடையும் இரண்டெழுத்து, இரண்டும் டையில் முடிகின்றன. தென்றலும் கொண்டலும் நான்கெழுத்து, இரண்டும் ல்லில் முடிகின்றன. குறுக்கே ஒன்று, கீழே ஒன்று என்று கடைசிக் கட்டத்தில் முட்டவிடலாம். சாரல், தூறல், மாஞ்சாரல், மிஸ்ட்ரல் எல்லாமே ல். ஒரு மூலையில் வடக்கும் மேற்கும், எதிர் மூலையில் தெற்கும் கிழக்கும் சந்திக்கிற கட்டம் இதுவரை என் கண்ணில் படவில்லை. இதைவிடச் சுலபமாகத் தமிழ் உங்களுக்கு எதைத் தரும்?

தென்றலை விலக்கிவைக்கச் சொல்லவில்லை. வேலை வாங்குங்கள் என்கிறேன். "மழை வந்ததென்றல்லவா நினைத்தேன், உள்ளே இருந்தது தெற்குக் காற்று (4)." விடை கண்ணுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறது, தேடத்தான் வேண்டும். வாடைக்கு, "வடக்கிலிருந்து வந்தால் போர்வை, மூக்கில் ஏறினால் கைக்குட்டை (2)." சாரலுக்கு, "குற்றாலத்தில் நனைக்கும், பழனியில் மலைச்சரிவாய்க் கிடக்கும் (3)." 1930களில் எஸ்.எஸ். வாசன் ஆனந்த விகடனில் போட்டி நடத்திய காலத்தில் பரிசுப் பணத்துக்காக ஊரே கட்டம் நிரப்பியது. 1955இல் சட்டம் போட்டு மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குமேல் பரிசு கூடாது என்று கட்டுப்படுத்தினார்கள். இப்போது உங்கள் புதிருக்குப் பரிசு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அப்படியிருக்க, நிரப்பி முடிக்கிறவனுக்குக் கையில் ஏதாவது மிஞ்ச வேண்டாமா?

ஐப்பசி பிறந்ததும் எங்கள் ஊரில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும், மழை ஆரம்பித்துவிடும், நானும் கடையில் சும்மாதான் இருப்பேன். அதற்குள் உங்களில் யாராவது ஒருவர் முழுக்க முழுக்க வானிலையாகவே ஒரு கட்டம் போடுங்கள். தொடங்கிவைக்க மூன்று குறிப்புகள் தருகிறேன். விடை சொல்லமாட்டேன், உங்கள் பக்கத்தில் பார்த்துக்கொள்கிறேன்.

முகம் பார்க்கலாம், அம்மி நகரும் (2).

பாக்யராஜ் படத்தில் நின்றுபோனது (3).

பேர் வைக்கிறார்கள், தொட்டில் கட்டுவதில்லை (3).

அன்புடன்,
கொடைக்கானலிலிருந்து ஒரு வாசகன்